‘ஏன்?’ என்று தன்னையே கேட்டால் விடை கிடைக்குமா?

தன்னைத்தானே கேள்வி கேட்டுத் தன்னை அறிந்துகொள்ளலாம் என்பது மிகப் பழைய நம்பிக்கை. சமயச் சான்றோரும் தத்துவ அறிஞரும் வெவ்வேறு சொற்களில் இதனை வற்புறுத்தியுள்ளனர். இன்று இந்நம்பிக்கை ஒரு பட்டியலாக வடிவெடுத்திருக்கிறது. தன்னம்பிக்கை நூல்களின் அத்தியாய முடிவில், போட்டித் தேர்வுக் கையேடுகளில், மாணவர்களுக்கு நடத்தப்படும் வழிகாட்டிக் கூட்டங்களில் ‘உன்னையே நீ கேட்டுக்கொள்ள வேண்டிய பத்துக் கேள்விகள்’ என்ற வகையான தாள்களைக் காண்கிறோம். ‘நான் ஏன் படிப்பைத் தள்ளிப்போடுகிறேன்?’, ‘எனக்கு ஏன் எளிதில் கோபம் வருகிறது?’, ‘இந்தப் பாடம் எனக்கு ஏன் வரவில்லை?’ என்றெல்லாம் அவை கேட்கச் சொல்கின்றன. தனிமையில் அமர்ந்து நேர்மையாகச் சிந்தித்தால் விடை உள்ளிருந்து தானே வரும் என்றும் உறுதி கூறுகின்றன.

இப்பட்டியல்களைத் தொகுப்பவர்களின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. பிறரைக் குறை கூறாமல் தன்னைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு கருவி வந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? அது காட்டும் அளவு நம்பத்தக்கதா என்று பார்க்கிறோம். திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் சுழிப்பிழையைக் காணுமாறு மாணவருக்குச் சொல்லித்தருகிறோம். மனத்தை அளக்க முனையும் கேள்வியும் ஒரு கருவிதான். அதன் சுழிப்பிழை என்ன? தன்வினாப் பட்டியல்கள் இதனைக் கேட்பதே இல்லை. அவற்றின் முதற்குறை இதுவே.

கிரீன்விச்சில் ஒரு பிழை

இக்குறையை விளக்க வானவியல் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கலின் தலைமை வானியலாளராக இருந்தார். டேவிட் கின்னிபுரூக் அவருடைய உதவியாளர். தொலைநோக்கியினுள் பொருத்தப்பட்ட மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நேரத்தைப் பதிவு செய்வது அவர்கள் பணி. கடிகாரத்தின் விநாடி ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே விண்மீனின் நகர்ச்சியைக் கண்ணால் நோக்கி, விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிட வேண்டும்.

1795 ஆகஸ்டில் உதவியாளரின் பதிவுகள் தலைவரின் பதிவுகளைவிட அரை விநாடி பிந்தி இருப்பது தெரிந்தது. இது சுட்டிக்காட்டப்பட்ட பின்னரும் வேறுபாடு குறையவில்லை. 1796 ஜனவரியில் அது 0.8 விநாடியாக வளர்ந்திருந்தது. நிலநடுக்கோட்டில் புவிப்பரப்பு விநாடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர் சுழல்கிறது. ஆகவே 0.8 விநாடி என்பது அங்கு ஏறத்தாழ 370 மீட்டர் தூரத்திற்குச் சமம். நேரத்தைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் பணியில் இது சிறு பிழையன்று. கின்னிபுரூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

பின்னர் ஜெர்மானிய வானியலாளர் பெசல் இச்செய்தியைப் படித்து, தம் பதிவுகளை மற்ற வானியலாளர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார். தேர்ந்த நோக்கர்களிடையேயும் வேறுபாடு இருந்தது. சில இணைகளில் அது ஒரு விநாடிக்கும் மிகுதியாக இருந்தது. கண்ணும் காதும் தரும் செய்திகளை ஒன்றுசேர்க்க ஒவ்வொருவரும் வெவ்வேறு கால அளவு எடுத்துக்கொள்கின்றனர் என்பது தெளிவாயிற்று. அதாவது, கின்னிபுரூக்கின் பிழை சோம்பலாலோ கவனக்குறைவாலோ வந்ததன்று. அது அவருடைய நோக்கும் முறையோடு பிறந்த பிழை.

இப்போது நாம் கேட்க வேண்டியது இது: ‘நான் ஏன் பிந்துகிறேன்?’ என்று கின்னிபுரூக் இரவு முழுவதும் தன்னையே கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. அவருக்குள் நோக்கினால் எல்லாம் சரியாகவே தோன்றியிருக்கும். இன்னொருவரின் பதிவோடு ஒப்பிட்ட பிறகே பிழை கண்ணுக்குத் தெரிந்தது. பிழைகளில் தற்செயல் பிழை, முறையான பிழை என இருவகை உண்டு என்று இயற்பியல் மாணவர் அறிவர். அளவீட்டைப் பலமுறை செய்து சராசரி கண்டால் தற்செயல் பிழை குறையும். முறையான பிழை அப்படியே நிற்கும். ஒரே கேள்வியை நூறு முறை உள்நோக்கிக் கேட்டு நூறு முறையும் ஒரே விடை வந்தால், அவ்விடை உறுதியானது என்று மட்டுமே கூறலாம். சரியானது என்று கூற முடியாது.

ஊசலும் காலுறைகளும்

நேரத்தைக் குறிப்பதில் மட்டுமின்றி, நம் செயல்களுக்குக் காரணம் கூறுவதிலும் இத்தகைய பிழை உண்டா? 1931இல் நார்மன் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. ஓர் அறையின் கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். அவற்றை ஒன்றோடொன்று முடிய வேண்டும். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை எட்ட இயலாது. அறையில் கிடக்கும் குறடு போன்ற ஒரு பொருளைக் கயிற்றின் நுனியில் கட்டி, அதனை ஊசலாக ஆடவிட்டு, அது அருகில் வரும்போது பிடித்துக்கொள்வது ஒரு வழி. பலருக்கு இவ்வழி தோன்றவில்லை. அப்போது மேயர் அறையில் நடந்து செல்பவர்போல ஒரு கயிற்றின் மீது தற்செயலாக இடித்து அதனைச் சற்றே ஆடச்செய்தார். சிறிது நேரத்திலேயே பலர் ஊசல் முறையைக் கண்டுபிடித்தனர்.

‘இந்த எண்ணம் உமக்கு எப்படி வந்தது?’ என்று கேட்டபோது பெரும்பாலோர் கயிறு ஆடியதைக் குறிப்பிடவே இல்லை. திடீரென்று தோன்றியது என்றனர் சிலர். இயற்பியல் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது என்றும் விடை வந்தது. பொய் சொல்லும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. தமக்குத் தெரிந்த வரையில் உண்மையையே கூறினர். எண்ணம் அவர்களுக்குத் தெரிந்தது. அது வந்த வழி தெரியவில்லை.

இத்தகைய சோதனைகள் பலவற்றைத் தொகுத்து, தாங்கள் செய்தவற்றையும் சேர்த்து, ரிச்சர்டு நிஸ்பெட், திமோத்தி வில்சன் ஆகிய இருவர் 1977இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டனர். தன்வினா முறையைப் பற்றிப் பேச விரும்பும் எவரும் அக்கட்டுரையைத் தாண்டிச் செல்ல இயலாது. அதில் கூறப்படும் ஒரு சோதனை எளிமையானது. கடை ஒன்றில் நான்கு இணை நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரத்தில் சிறந்தது எது என்று 52 பேரிடம் கேட்டனர். நான்கும் ஒரே மாதிரியானவை. ஆயினும் வலது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள் இடது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. காரணம் கேட்டபோது நெசவு, மென்மை போன்றவற்றைக் கூறினர். வைத்திருந்த இடத்தை ஒருவரும் கூறவில்லை. ‘இடம் காரணமாக இருக்குமா?’ என்று நேராகவே கேட்டபோதும் ஏறக்குறைய அனைவரும் மறுத்தனர்.

அவ்வாறாயின் அவர்கள் கூறிய காரணங்கள் எங்கிருந்து வந்தன? கட்டுரையாசிரியர்கள் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. சோதனையில் கலந்துகொள்ளாத வேறு சிலரிடம் இத்தகைய சூழ்நிலைகளை விவரித்து, ‘இவர்கள் ஏன் இப்படிச் செய்திருப்பார்கள்?’ என்று கேட்டனர். கலந்துகொண்டவர்கள் கூறிய காரணங்களையே இவர்களும் கூறினர். உள்ளே நோக்கியவரும் வெளியிலிருந்து ஊகித்தவரும் ஒரே விடையைத் தந்தனர். ஆகவே உள்ளே நோக்கியவரும் ஊகித்திருக்கவே வாய்ப்பு மிகுதி. ‘ஏன்?’ என்று கேட்டவுடன் நம் மனம், இத்தகைய செயலுக்கு இத்தகைய காரணம் என்று சமூகத்தில் வழங்கிவரும் கருத்துகளிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்துத் தருகிறது. நாம் அதனை நம் உள்ளத்தில் கண்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

ஸ்வீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோகான்சன், ஹால் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேலும் வலுவூட்டியது. இரண்டு முகப்படங்களைக் காட்டி எது கவர்ச்சியானது என்று தேர்ந்தெடுக்கச் செய்தனர். பிறகு தேர்ந்த படத்தைக் கையில் கொடுத்துக் காரணம் கேட்டனர். சில முறை, செப்படி வித்தைக்காரர் செய்வதுபோல, தேராத படத்தை மாற்றிக் கொடுத்தனர். பெரும்பாலான முறை மாற்றத்தை அவர்கள் கவனிக்கவில்லை. அத்துடன் நில்லாமல், தாம் தேராத அந்தப் படத்தைத் தேர்ந்ததற்குக் காரணமும் கூறினர். முதலில் தேர்ந்த படத்தில் இல்லாத ஒன்றைக் காரணமாகச் சுட்டியவர்களும் உண்டு.

மறுப்புகளும் வரம்புகளும்

ஒரு பக்கத்தை மட்டும் கூறி முடித்தல் முறையன்று. 1977ஆம் ஆண்டுக் கட்டுரையும் குறையற்றதன்று. காலுறைச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். மக்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வந்து, கடைசியாகப் பார்த்தது சற்று மேலானதாகத் தோன்றியதால் அதனைத் தேர்ந்திருக்கலாம். அப்படியானால் ‘இது நன்றாக இருந்தது’ என்ற விடை முழுப் பொய்யன்று. ஏன் நன்றாகத் தோன்றியது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. இவ்வகை மறுப்புகள் பின்னர் எழுந்தன.

இதைவிட முக்கியமான திருத்தத்தை ஆண்டர்ஸ் எரிக்சன், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் 1980இல் முன்வைத்தனர். சைமன் 1978இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். மனிதர் எவ்வாறு சிக்கல்களைத் தீர்க்கின்றனர் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர்கள் கருத்து வருமாறு: ஒருவர் கணக்கைப் போடும்போதே மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் செய்தால், அச்சொற்கள் நம்பத்தக்க சான்றாகும். செயல் முடிந்து நேரம் கடந்தபின் ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்டால், வருவது நினைவும் ஊகமும் கலந்த விளக்கம். ஆகவே தன்னைப் பற்றிய சொற்கள் அனைத்தும் பயனற்றவை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. எதைக் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையின் தரம் அமைகிறது.

வாழ்க்கையில் எதை மதிக்கிறேன், யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் போன்ற வினாக்களும் நம் விவாதத்திற்கு வெளியே நிற்பவை. அவை காரணம் தேடும் வினாக்கள் அல்ல. முடிவு செய்யும் வினாக்கள். அவற்றைத் தனிமையில் கேட்பதில் தவறில்லை. தாங்க முடியாத மனத்துயர் உடையவரோ, கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு தனியே அமர்வதைவிட நம்பத்தக்க ஒருவரையோ மருத்துவரையோ நாடுவதே தக்கது.

தவறான விடையின் விலை

‘விடை சற்றுத் தவறானால் என்ன கெட்டுவிடும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். கெடுவது உண்டு. வில்சனும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களைச் சுவரொட்டிப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து வீட்டிற்கு எடுத்துச் செல்லச் செய்தனர். ஒரு பிரிவினர் பிடித்ததை எடுத்தனர். மற்றப் பிரிவினர் ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிய பிறகு எடுத்தனர். சில வாரங்களுக்குப் பின் விசாரித்தபோது, காரணம் எழுதித் தேர்ந்தவர்களே தம் தேர்வில் குறைந்த மனநிறைவு உடையவராக இருந்தனர். எளிதில் சொல்லில் அமையும் காரணங்கள் முன்னே வந்து, சொல்ல இயலாத விருப்பத்தைப் பின்தள்ளிவிட்டன என்பது அவர்கள் விளக்கம்.

சுவரொட்டியானால் கிழித்து எறிந்துவிடலாம். படிப்பு அப்படியன்று. பள்ளியில் தமிழில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்தில் இயற்பியல் படிக்க வந்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். முதற்பருவத்தில் இயக்கவியல் தாளில் மதிப்பெண் குறைகிறது. ‘இந்தப் பாடம் எனக்கு ஏன் வரவில்லை?’ என்று அவர் தன்னையே கேட்கிறார். சுற்றியுள்ளோர் வழக்கமாகக் கூறும் காரணங்கள் முன்னதாகவே காத்திருக்கின்றன: ‘கணக்கு மூளை இல்லை’, ‘தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது ஏறாது’, ‘பெண்களுக்கு இயற்பியல் கடினம்’. இவற்றுள் ஒன்று விடையாக வந்து நிற்கும். உள்ளத்திலிருந்து வந்ததாகத் தோன்றுவதால் அதனை அவர் ஐயுறவும் மாட்டார். அடுத்த ஆண்டு அவர் வகுப்பில் இல்லாமற் போகலாம்.

அவருடைய விடைத்தாளோ வேறு கதை சொல்லக்கூடும். இழந்த 30 மதிப்பெண்களில் 14 மதிப்பெண், வினாவின் ஆங்கிலச் சொற்றொடர் விளங்காமல் விட்டுவிட்ட இரண்டு கணக்குகளுக்கு உரியது. 8 மதிப்பெண் நேரம் போதாமையால் போனது. 5 மதிப்பெண் அலகுப் பிழையால் போனது. 3 மதிப்பெண் மட்டுமே கருத்து விளங்காமையால் போனது என்று வைத்துக்கொள்வோம். இந்நான்கிற்கும் நான்கு வேறு மருந்துகள் உண்டு. ‘மூளை இல்லை’ என்பதற்கு மருந்தே இல்லை. தன்வினாப் பட்டியல் விடைத்தாளை எடுத்துப் பார்க்கச் சொல்வதில்லை. கண்ணை மூடிச் சிந்திக்கச் சொல்கிறது. இதுவே அதன் பெருங்குறை.

பயன் தரும் வினாக்கள்

தன்னைக் கேட்பதே தவறு என்பது இதன் பொருளன்று. 1989இல் மிஷெலின் சி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இயற்பியல் மாணவர் எட்டுப் பேரை ஆராய்ந்தனர். நூலில் தீர்த்துக் காட்டப்பட்ட இயக்கவியல் கணக்குகளைப் படிக்கும்போதே மனத்தில் ஓடுவதை அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். பின்னர் நடந்த தேர்வில் நன்கு செய்தவர்கள், படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் தாமே விளக்கம் கூறிக்கொண்டவர்கள் என்பது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்று அடிக்கடி கூறியவர்களும் அவர்களே. நன்கு செய்யாதவர்கள் பெரும்பாலும் புரிகிறது என்றே சொல்லிச் சென்றனர்.

எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் 1994இல் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு இதே ஆய்வாளர் குழு செய்த சோதனையிலும், குருதியோட்டம் பற்றிய பாடத்தை வரிக்கு வரி தமக்கே விளக்கிக்கொள்ளுமாறு தூண்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகக் கற்றனர்.

இங்கே கேட்கப்படும் கேள்வியைக் கவனியுங்கள். சாய்தளத்தில் ஒரு கட்டை நிற்கிறது. செங்குத்து எதிர்விசை ஏன் கட்டையின் முழு எடைக்குச் சமமாக இல்லை? இதுவும் ‘ஏன்’ வினாவே. ஆனால் இது கட்டையைப் பற்றிய வினா. மாணவரின் குணத்தைப் பற்றியதன்று. விடை தவறானால் அடுத்த வரியிலேயே கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ரோசன்பிளிட், கைல் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இத்தகையதே. பற்பூட்டு, பூட்டு, தையல் இயந்திரம் போன்ற பொருள்கள் இயங்கும் விதம் தமக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களை மதிப்பிடச் செய்தனர். பிறகு அதனைப் படிப்படியாக எழுதச் சொல்லி மீண்டும் மதிப்பிடச் செய்தபோது, அவர்கள் தம் அறிவைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பு இறங்கிவிட்டது. ‘எனக்குத் தெரியுமா?’ என்ற வினா அவர்களை ஏமாற்றியது. ‘எழுது பார்க்கலாம்’ என்ற சோதனை ஏமாற்றவில்லை.

சார்லஸ் டார்வினும் இத்தகைய ஒரு பழக்கத்தைத் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். தம் கருத்துக்கு மாறான செய்தி எதையேனும் கண்டால் உடனே தவறாமல் குறித்துவைப்பது அவர் வழக்கம். சாதகமான செய்திகளைவிடப் பாதகமானவை விரைவில் மறந்துபோகின்றன என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். தம் நேர்மையை நம்பி அவர் இருந்துவிடவில்லை, குறிப்பேட்டை நம்பினார்.

பட்டியலைத் திருத்தும் முறை

ஆகவே தன்வினாப் பட்டியல்களைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. திருத்தி எழுதினால் போதும். ஒவ்வொரு வினாவையும் எடுத்து, ‘இதற்கு நான் கூறும் விடை தவறானால், அது தவறென்று எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். தெரிய வழி இருந்தால் வினாவை வைத்துக்கொள்ளலாம். வழியில்லையெனில் மாற்ற வேண்டும்.

‘நான் ஏன் படிப்பைத் தள்ளிப்போடுகிறேன்?’ என்பதற்குப் பதிலாக, ‘இந்த வாரம் எந்த நாள், எந்த நேரத்தில், எந்தப் பாடத்தை எடுக்காமல் விட்டேன்? அப்போது எங்கே, யாருடன் இருந்தேன்?’ என்று கேட்டு அன்றன்றே குறிக்கலாம். இரண்டு வாரம் சென்றபின் குறிப்புகளே ஓர் ஒழுங்கைக் காட்டக்கூடும். மாலை நேரம் முழுதும் வீட்டு வேலையில் போகிறது என்று தெரியலாம்; அல்லது ஒரே ஒரு பாடம்தான் தள்ளிப்போகிறது என்று தெரியலாம்.

‘எனக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியுமா?’ என்பதற்குப் பதிலாக, தேர்வு எழுதுமுன் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை மதிப்பெண் வரும் என்று எதிர்பார்த்து எழுதிவைக்கலாம். விடைத்தாள் வந்தபின் இரண்டையும் ஒப்பிட வேண்டும். எந்தப் பகுதியில் எதிர்பார்ப்பு மிகையாக இருந்தது, எதில் குறைவாக இருந்தது என்று பார்த்தால், மாணவர் தம் சுழிப்பிழையைத் தாமே கண்டுகொள்வார். பெசல் செய்தது இதைத்தான்.

‘எனக்கு ஏன் கோபம் வருகிறது?’ என்பதையும் இவ்வாறே மாற்றலாம். கோபம் வந்த நேரம், உண்டு எத்தனை மணி ஆயிற்று, முன்னிரவு எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்பவற்றைக் குறித்தால் போதும். இதனால் காரணம் உறுதியாகிவிடும் என்று கூறவில்லை. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. ஆயினும் எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது புலப்படும். ஒரு வாரம் ஒரு மணி நேரம் முன்னதாக உறங்கிப் பார்த்துக் கணக்கெடுக்கலாம்.

கூடுமானால் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்வது நலம். ‘நான் கணக்குப் போடும்போது எங்கே நிற்கிறேன் என்று பார்த்துச் சொல்’ என்று உடன்பயிலும் நண்பரைக் கேட்கலாம். நம் பிழை நமக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடக்கூடும். ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மதிப்பெண் குறைந்த மாணவரை அழைத்து ‘நீ ஏன் இப்படி இருக்கிறாய்?’ என்று கேட்பதை விடுத்து, விடைத்தாளை விரித்துவைத்து ‘எந்த வரியில் நின்றாய்?’ என்று கேட்கலாம். முதல் கேள்விக்குத் தலைகுனிவே விடையாக வரும். இரண்டாம் கேள்விக்கு மாணவர் விரலால் ஓர் இடத்தைச் சுட்டுவார். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.